யாருடைய குழாய் என்று முதலில் பாருங்கள்

கேள்வி: வணக்கம் மேடம். கொரட்டூரில் 24 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் நான். 2011-இல் கட்டிய கட்டடம். ஆறு மாதமாக 2பி-க்கும் 3பி-க்கும் சண்டை. மேல்வீட்டு பாத்ரூம் தண்ணீர் கீழ்வீட்டு சீலிங்கில் ஒழுகுகிறது. 3பி-யின் உரிமையாளர் ஷார்ஜாவில் இருக்கிறார். வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார். ‘என் வீட்டில் ஒரு கோளாறும் இல்லை, குடியிருப்பவர் எதுவும் சொல்லவில்லையே’ என்கிறார். இதற்குள் 2பி-காரர், விடியற்காலை ஐந்து மணிக்கே மேலே கிரைண்டர் ஓடுகிறது, கருவாடு வறுக்கும் வாசனை தாங்க முடியவில்லை என்று மேலும் இரண்டு புகார்கள் எழுதிக் கொடுத்துவிட்டார். அவர்தான் எங்கள் சங்கத்தின் பொருளாளர். கமிட்டியில் ஒருவர், ‘3பி-க்குத் தண்ணீரை நிறுத்துங்கள், தானாக வழிக்கு வருவார்கள்’ என்கிறார். அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்த இன்னொருவர், ‘அங்கெல்லாம் அசோசியேஷனே அபராதம் போடும்’ என்கிறார். மூன்றாமவர், ‘ரெண்டு வீட்டுச் சண்டையில் சங்கத்துக்கு என்ன வேலை?’ என்கிறார். நான் சீலிங்கைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு, 3பி உடனே சரிசெய்ய வேண்டும் என்று எழுதினேன். அதிலிருந்து நிலைமை இன்னும் மோசம். சங்கம் எப்போது தலையிட வேண்டும், எப்போது ஒதுங்க வேண்டும்?

பதில்:

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை மூன்று சண்டைகள் தெரிந்தன. இரண்டாவது தடவை படித்தபோது, இருப்பது ஒரே சண்டைதான், அது தண்ணீர்ச் சண்டை, மற்ற இரண்டும் அது போட்ட குட்டிகள் என்று பட்டது. சீலிங் ஒழுகாமல் இருந்திருந்தால் கிரைண்டர் சத்தம் உங்கள் பொருளாளரின் தூக்கத்தைக் கலைத்திருக்காது. கருவாடும் இவ்வளவு தூரம் மணத்திருக்காது. அதனால் நானும் தண்ணீருக்குத்தான் அதிக இடம் தரப்போகிறேன்.

தலையிடுவதா வேண்டாமா என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது. யார் மேல் தப்பு என்று கேட்காதீர்கள். சண்டைக்கு நடுவில் கிடக்கும் பொருள் யாருடையது என்று கேளுங்கள். பொதுச் சுவர், பொதுக் குழாய், படிக்கட்டு, லிஃப்ட், மொட்டை மாடி, பார்க்கிங், டக்ட் (குழாய்கள் மேலிருந்து கீழாக இறங்கும் சந்து), இவற்றில் ஒன்று சம்பந்தப்பட்டிருந்தால் ‘தலையிடலாமா?’ என்ற கேள்விக்கே இடமில்லை. அது 24 பேரின் சொத்து, நீங்கள் அதற்குக் காவல். எல்லோரும் கையெழுத்துப் போட்ட பைலாவை, அதாவது சங்க விதிகளை, ஒருவர் மீறினாலும் அப்படித்தான். இரண்டும் இல்லையென்றால் அது அவர்கள் இருவர் விஷயம். நீங்கள் நல்ல மனிதராக, பக்கத்து வீட்டுக்காரராக நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசலாம். செயலாளராகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. சங்கம் பஞ்சாயத்து அல்ல.

சட்டமும் ஏறக்குறைய இதே கோட்டைத்தான் போட்டிருக்கிறது. உங்களுடையதைப் போன்ற பெரும்பாலான சங்கங்கள் 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. அதற்கு மேல், 1994-இல் வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்துக்குப் பதிலாக 2022-இல் புதுச் சட்டம் இயற்றி, 2024-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். வீடு உரிமையாளருக்குத் தனி. நிலமும் அஸ்திவாரமும் தூண்களும் கூரையும் பொது வசதிகளும் எல்லோருக்கும் பிரிக்கப்படாத பங்கு. நாம் யூ.டி.எஸ். என்று சொல்கிறோமே, அது. சங்கத்தின் அதிகாரம் அந்தப் பொதுப் பங்கிலிருந்து வருவது. வீட்டு வாசற்படி தாண்டியதும் அது மெலிந்துவிடும்.

சரி, இப்போது சீலிங்குக்கு வருவோம். இது இரண்டு வீட்டுச் சண்டை என்று சொல்லும் உங்கள் மூன்றாமவர் சரியாகவும் இருக்கலாம், தப்பாகவும் இருக்கலாம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் யாருக்கும் தெரியாது. ஆறு மாதம் சண்டை போட்டிருக்கிறார்கள். அந்த ஆறு மாதத்தில் ஒரு பிளம்பர் மேல்வீட்டுக்குள் போய் உட்கார்ந்து பார்த்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை!

பாத்ரூம் தரையை மற்ற தரையைவிடத் தாழ்த்திக் கட்டி, பள்ளத்தில் குழாய்களைப் படுக்கவைத்து, செங்கல் ஜல்லி கொட்டி மூடி, மேலே டைல்ஸ் ஒட்டுவதுதான் இங்கே வழக்கம். டைல்ஸ் இடுக்கை அடைக்கும் பூச்சான கிரவுட் உதிர்ந்தால் குளிக்கும் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் போய்த் தேங்கி, கீழே எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே இறங்கும். தரைத் தண்ணீர் வெளியேறும் வடிகால் வாயான நஹானி ட்ராப்பைச் சுற்றி விரிசல் விட்டாலும் இதே கதைதான். சுவருக்குள் போகும் குழாயில் ஓட்டை விழுந்தாலும் தண்ணீர் வரும். டக்டில் மேலிருந்து கீழாக இறங்கும் பொதுக் கழிவுக் குழாயின் இணைப்பு விட்டிருந்தாலும் வரும். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் எல்லாம் ஒரே மஞ்சள் வட்டம்தான். செலவு செய்ய வேண்டியவர் மட்டும் மாறுவார். டைல்ஸும் ட்ராப்பும் வீட்டுக்குள் ஓடும் குழாயும் 3பி உரிமையாளர் பொறுப்பு. டக்டில் இறங்கும் பொதுக் குழாய் சங்கத்தின் பொறுப்பு. கடைசியில் பொதுக் குழாய்தான் என்று தெரிந்தால், ஆறு மாதமாக 3பி-யைத் திட்டிய சங்கம் தன் பணத்தில் 2பி-க்கு சீலிங் பூசிக் கொடுக்க வேண்டியிருக்கும். இப்படி நடந்த இரண்டு கட்டடங்களை எனக்கே தெரியும்.

சோதனை கஷ்டமே இல்லை. முதலில் 2பி-காரரிடம் ஒரு வாரம் குறிப்பெடுக்கச் சொல்லுங்கள். எத்தனை மணிக்குச் சொட்டுகிறது, எப்போது நிற்கிறது என்று மட்டும். மேல்வீட்டில் குளித்து முடித்த கொஞ்ச நேரத்தில் கூடி, மதியம் குறைந்தால், தரையிலோ வடிகாலிலோ கோளாறு. ராத்திரி பகல் பாராமல், மேலே ஆளே இல்லாத நாளிலும் ஒரே சீராகச் சொட்டினால், அழுத்தத்தில் தண்ணீர் வரும் உள்குழாயில் கோளாறு. மழை நாளில் மட்டும் என்றால் வெளிச்சுவரையும் டக்டையும் பார்க்க வேண்டும்.

அடுத்து, ஓவர்ஹெட் டேங்கிலிருந்து 3பி-க்கு இறங்கும் வால்வை, அங்கே குடியிருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி, இரண்டு பக்கெட் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்லி, ஓர் இரவு மூடிப் பாருங்கள். சொட்டு கண்கூடாகக் குறைந்தால் உள்குழாய்தான். குறையவில்லையா, பாத்ரூம் நஹானி ட்ராப்பைத் துணிப்பந்தால் இறுக அடைத்து, தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் நிற்கவிட்டு, அதில் கொஞ்சம் சொட்டு நீலம் கலந்துவிடுங்கள். 24 மணி நேரம் யாரும் அந்த பாத்ரூமைத் தொடக்கூடாது. அதனால் இரண்டாவது பாத்ரூம் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கீழே நீலமாக வந்தால் பேச்சுக்கே இடமில்லை. ஜல்லி நிறத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதும் உண்டு. நீலம் தெரியாமல் கசிவு மட்டும் கூடினாலும் அது பதில்தான். எதுவுமே மாறவில்லை என்றால் டக்டுக்குள் ஆளை இறக்குங்கள்.

இந்தச் சோதனையை நடத்தும் வேலை சங்கத்துடையது. 2பி-காரர் தன் பிளம்பரை அனுப்பினால் 3பி நம்ப மாட்டார். 3பி-யின் பிளம்பர் வந்தால் ‘எல்லாம் நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்லிவிட்டுப் போவார். சங்கம் கூப்பிட்ட ஆள், சங்கம் கொடுத்த கூலி, இரண்டு வீட்டாரும் பக்கத்தில் நிற்க, தேதி போட்டு ஒரு பக்கத்தில் அறிக்கை. கார்பஸில், அதாவது சங்கத்தின் சேமநிதியில், கைவைக்க வேண்டிய செலவல்ல இது, மாதப் பராமரிப்புக் கணக்கிலேயே அடங்கிவிடும். பெரும்பாலான பைலாக்களில், பழுது பார்க்கவோ சோதனைக்கோ முன்னறிவிப்புக் கொடுத்து வீட்டுக்குள் வர உரிமையாளர் சம்மதிக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கும். உங்களுடையதை எடுத்துப் பாருங்கள். விதி இருக்கிறது என்பதற்காகப் பூட்டை உடைத்து நுழையலாம் என்று அர்த்தமில்லை. எழுத்தில் கேட்கும்போது சுட்டிக்காட்ட ஒரு பிடி, அவ்வளவுதான்.

கேட்க வேண்டியது யாரிடம்? இங்கேதான் பல சங்கங்கள் சறுக்குகின்றன. குடியிருப்பவர் கண்ணெதிரே இருக்கிறார், அதனால் எல்லாக் கோபமும் அவர் மேல் விழுகிறது. உங்கள் உறுப்பினர் ஷார்ஜாவில் இருப்பவர். டைல்ஸைப் பெயர்க்க வாடகைக்காரருக்கு அதிகாரமும் கிடையாது, கடமையும் கிடையாது. உரிமையாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், குடியிருப்பவருக்கு ஒரு நகல். வாட்ஸ்அப் வேண்டாம். கடிதம் கிட்டத்தட்ட இப்படி இருந்தால் போதும்:

‘உங்கள் வீட்டுக்கு நேர் கீழே 2பி-யில் பாத்ரூம் சீலிங்கில் கசிவு இருக்கிறது. காரணம் உங்கள் வீட்டுக் குழாயா, பொதுக் குழாயா என்று இன்னும் தெரியவில்லை. இதைக் கண்டறிய சங்கம் தன் செலவில் ஒரு பிளம்பரை ஏற்பாடு செய்கிறது. வரும் இரண்டு சனிக்கிழமைகளில் எது வசதி என்று தெரிவிக்க வேண்டுகிறோம். நீங்களோ உங்கள் சார்பில் ஒருவரோ உடன் இருக்கலாம். பொதுக் குழாய் என்று தெரிந்தால் செலவு சங்கத்துடையது.’

அந்தக் கடைசி வரியைக் கட்டாயம் சேருங்கள். இதுவரை அவருக்கு வந்ததெல்லாம் குற்றச்சாட்டு. தன் வீட்டில் கோளாறு இல்லாமலும் இருக்கலாம் என்று சங்கமே ஒப்புக்கொள்வதை அவர் முதன்முதலாகப் பார்ப்பார். கதவு திறக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.

கோளாறு அவருடையதுதான் என்று தெரிந்தால், முதலில் டைல்ஸ் இடுக்கைச் சுரண்டி எபாக்ஸி கிரவுட் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் பெயர்ப்பதற்கு முன்னால் செய்து பார்க்க வேண்டிய மலிவான வேலை அது. அதன் பிறகும் சில வாரங்கள் சொட்டும், பள்ளத்தில் ஏற்கெனவே தேங்கிய தண்ணீர் வடிய வேண்டும் அல்லவா. இதைப் பொருளாளரிடம் முன்பே சொல்லி வைக்காவிட்டால், ஐந்தாம் நாள் மறுபடி புகார் புத்தகத்தோடு வந்து நிற்பார். பில்டரிடம் கேட்கலாமா என்று யாராவது கேட்டால், வேண்டாம். 2016 ரெரா (மனை வணிக ஒழுங்குமுறை) சட்டம் கட்டுமானக் குறைகளுக்கு பில்டரைப் பொறுப்பாக்குவது வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்கு. உங்கள் கட்டடம் அந்த வயதை எப்போதோ தாண்டிவிட்டது.

அவர் கதவையே திறக்க மறுத்தால்? இரண்டு கடிதம் எழுதுங்கள், கமிட்டிக் கூட்டத்தில் வைத்து மினிட்ஸில் ஏற்றுங்கள். சங்கத்தின் வேலை பெரும்பாலும் அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு வழக்கு 2பி-காரருடையது. சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுத்தால், வழக்குப் போடாமலே இரண்டு தரப்பையும் அழைத்துப் பேசவைப்பார்கள். கட்டணம் இல்லை. அங்கே சமரசமாகி லோக் அதாலத்தில் பதிவானால், 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி அது நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதுவும் ஆகவில்லை என்றால் உரிமையியல் நீதிமன்றம். அங்கே நீதிபதி வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமித்து, பொறியாளரோடு போய்ப் பார்த்து அறிக்கை தரச் சொல்லலாம். அந்தக் கட்டத்தில் உங்கள் தேதி போட்ட கடிதங்களும் மினிட்ஸும்தான் 2பி-காரருக்குப் பெரிய பலம். வாட்ஸ்அப்பில் நாற்பது பேர் போட்ட கோப முகங்களால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

தண்ணீரை நிறுத்தும் யோசனையை இன்றே கைவிடுங்கள். சோதனைக்காகச் சொல்லிவிட்டு ஓர் இரவு மூடும் அதே வால்வைத்தான், தண்டனையாக மூடச் சொல்கிறார் உங்கள் கமிட்டி நண்பர். குடிதண்ணீரையும் கழிவறைத் தண்ணீரையும் நிறுத்தி யாரையும் வழிக்குக் கொண்டுவர உங்களுக்கு உரிமை இல்லை. இந்த வீட்டில் இருப்பவர்கள் வாடகைக்காரர்கள் வேறு. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம், வீட்டு உரிமையாளரோ அவர் சார்பில் வீட்டை நிர்வகிப்பவரோகூட அத்தியாவசிய வசதிகளைத் தடுக்கக்கூடாது என்கிறது. உரிமையாளரே செய்யக்கூடாததைச் சங்கம் எப்படிச் செய்யும்? கைக்குழந்தையோ வயதானவரோ இருக்கும் வீடு என்றால் நாளைக்கு போலீஸ் புகாரில் முதல் பெயர் உங்களுடையதாக இருக்கும். தீர்மானம் போட்ட 15 பேரில் ஒருவரும் கூட வரமாட்டார்கள்.

அமெரிக்கா போய் வந்தவர் சொல்வது பொய்யில்லை. அங்கே வீடு வாங்கும்போதே நிலத்தோடு ஒட்டிய நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டுத்தான் வாங்குகிறார்கள். பல மாநிலங்களில் அசோசியேஷன் அபராதம் போடலாம், நிலுவைக்காக வீட்டின் மேல் பற்றுரிமை (பாக்கிக்கு வீட்டையே ஈடாக்கும் உரிமை) பதியலாம். நம் சங்கங்களுக்கு அந்தப் பல் கிடையாது. பைலாவில் எழுதியிருக்கும் அபராதத்தை, பைலாவில் எழுதிய குற்றத்துக்கு மட்டும் போடலாம். ‘மேல்வீட்டுக்காரர் கீழ்வீட்டுக்காரரை எரிச்சல்படுத்துதல்’ என்று எந்த பைலாவிலும் குற்றம் இல்லை. அவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். அவ்வளவு அதிகாரம் இருந்தும், வெறும் அண்டை வீட்டுச் சச்சரவில் ஒதுங்கி நில்லுங்கள் என்றுதான் அங்கே வக்கீல்களும் அசோசியேஷன்களுக்குச் சொல்வது வழக்கம். ஒன்றில் மட்டும் ஒதுங்க முடியாது. இனம், மதம் போன்ற காரணத்துக்காக ஒரு குடியிருப்பாளர் இன்னொருவரைத் தொந்தரவு செய்வது தெரிந்தும், தடுக்கும் அதிகாரம் இருந்தும் சும்மா இருந்தால் அசோசியேஷனும் பொறுப்பாகலாம் என்று அங்கே வீட்டுவசதித் துறை 2016-இல் விதி கொண்டுவந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்பது கருவாட்டுக்கு வரும்போது புரியும்.

அதற்கு முன் கிரைண்டர். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. ஐந்து மணி கிரைண்டர் அந்த நேரத்துக்குள்தான் வருகிறது. ஆனால் இட்லிக்கு மாவு அரைக்கிறவர் வீட்டுக்கு டெசிபல் மீட்டரோடு போலீஸ் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். வீட்டுத் தேவைக்கு அரைக்கிறார்கள் என்றால் இது சங்கத்தின் வேலையே இல்லை. விற்பனைக்கு அரைக்கிறார்கள் என்றால் கதை வேறு. குடியிருப்புக்கு மட்டும் என்ற பைலா விதி குறுக்கே வரும், அப்போது உரிமையாளருக்கு எழுதலாம்.

இதில் நான் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன். எங்கள் குடியிருப்பில் நான் செயலாளராக இருந்தபோது, ஒரு வீட்டில் இரவில் நாற்காலி இழுக்கும் சத்தம் என்று கீழ்வீட்டு அம்மா தினமும் முறையிட்டார். நேரே போய்ச் சொல்லக் கூச்சப்பட்டு, ‘சில குடியிருப்பாளர்கள் இரவு நேரத்தில் பிறருக்கு இடையூறு செய்வது கவனத்துக்கு வந்துள்ளது’ என்று சுற்றறிக்கை அடித்து லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினேன். பெயர் போடவில்லை என்ற பெருமை வேறு. அந்த ‘சில’ யார் என்று சாயங்காலத்துக்குள் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரிந்துவிட்டது. மூன்று வருஷம் அந்த வீட்டுக்காரர்கள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பின்னால் தெரிந்தது, படுக்கையில் இருந்த மாமனாரை ராத்திரி திருப்பிப் படுக்கவைக்க நாற்காலியை நகர்த்தியிருக்கிறார்கள். நாலு கால்களுக்கும் ரப்பர் குமிழ் மாட்டியிருந்தால் முடிந்திருக்கும். கடையில் பத்து இருபது ரூபாய் சமாசாரம்.

அதனால் நீங்களோ, இன்னும் நல்லது என்றால் 3பி அம்மாவோடு பேச்சு வார்த்தை உள்ள ஒரு பெண்மணியோ, சாயங்காலமாகப் போய், கிரைண்டர் தரையில் இருக்கிறதா மேடையில் இருக்கிறதா என்று பாருங்கள். தரையில் நேராக வைத்தால் அதிர்வு ஸ்லாப் வழியாக இறங்கிக் கீழே உறுமும். அடியில் கனமான ரப்பர் ஷீட் போட்டாலே பாதி குறையும். ஆறு மணிக்கு மேல் அரைக்க முடியுமா என்றும் கேட்டுப் பார்க்கலாம். கேட்பது மட்டும்தான். சங்கம் இதில் விதி போடுவதென்றால், டிரில்லிங், டைல்ஸ் உடைப்பது போன்ற வேலைகளுக்கு நேரம் குறித்து எல்லோருக்கும் பொதுவாகப் போடட்டும். ஒரு வீட்டை மனதில் வைத்துப் போடும் விதி அடுத்த பொதுக்குழுவிலேயே கிழிபடும்.

கருவாடு. யார் வீட்டு அடுப்பில் எது வேக வேண்டும் என்று சொல்ல சங்கத்துக்கு எந்த அதிகாரமும் இல்லை, இருக்கவும் கூடாது. பெரும்பான்மைத் தீர்மானம் போட்டாலும் செல்லாது என்பதே என் கருத்து. அந்தப் புகாரைக் கமிட்டி அஜெண்டாவில் ஏற்றாதீர்கள். ‘அந்த மாதிரி ஆட்களுக்கு வாடகைக்கு விடாதீர்கள்’ என்று உரிமையாளருக்குச் சொல்லச் சொன்னால் அதையும் செய்யாதீர்கள். நம் ஊரில் வாசனையைப் பற்றிய பேச்சு பல சமயம் வாசனையைப் பற்றியதாக இருப்பதில்லை. யாராவது சாதியை இழுத்து ஒரு வார்த்தை விட்டுவிட்டால், அப்புறம் அது சமரசம் பேசித் தீர்க்கும் விஷயமாக இருக்காது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரை போகும், போகவும் வேண்டும். ‘நமக்குள்ளே பேசித் தீர்த்துக்கலாம்’ என்று பாதிக்கப்பட்டவரைப் புகார் கொடுக்கவிடாமல் தடுக்கும் செயலாளராக மட்டும் ஆகிவிடாதீர்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஒரு வேலை செய்யுங்கள். மொட்டை மாடிக்கு ஏறி, பி பக்கத்து டக்டின் மேல்வாயை எட்டிப் பாருங்கள். புறா வருகிறது, மழைத்தண்ணீர் விழுகிறது என்று பல கட்டடங்களில் அதன் மேல் ஷீட் போட்டு மூடிவிடுகிறார்கள். நிறைய வீடுகளில் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் அந்த டக்டுக்குள்தான் காற்றைத் தள்ளும். பாத்ரூம் ஜன்னல்களும் அதற்குள்ளேயே திறக்கும். மேல்வாய் மூடியிருந்தால் 3பி தள்ளும் புகை வெளியே போக வழியில்லாமல் அக்கம்பக்கத்து பாத்ரூம்களுக்குள் நுழையும். போன வருஷம் ஒரு குடியிருப்பில் ‘பூண்டு வாசனை’ என்று தொடங்கிய சண்டைக்கு என்னை மத்தியஸ்தத்துக்கு அழைத்தார்கள். ஷீட்டை ஒரு முழம் தூக்கிவைத்து, பக்கவாட்டில் புறா வலை கட்டினோம். பூண்டு அப்படியேதான் இருக்கிறது, சண்டை இல்லை. உங்கள் டக்டும் மூடியிருந்தால், அது பொது இடம். அதில் நீங்கள் கட்டாயம் தலையிட வேண்டும், சங்கச் செலவில்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் நாளைக்குக் கேட்பீர்கள் என்பதால் இரண்டு வார்த்தை. பார்க்கிங் சண்டை சங்கத்தின் சண்டைதான். கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே இருக்கும் ஸ்டில்ட் பார்க்கிங்கைத் தனி வீடு போல பில்டர் விற்க முடியாது என்று 2010-இலேயே மும்பை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் இடம் ஒதுக்கிய தாளைச் சங்கம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நாய் விஷயத்தில், வளர்க்கவே கூடாது, லிஃப்டில் ஏற்றக்கூடாது என்று தடை போட முடியாது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இலேயே இதைத் தெளிவாக எழுதிவிட்டது. நடைபாதையில் அசிங்கம் செய்தால் சுத்தம் செய்யச் சொல்லலாம்.

அடிதடி, மிரட்டல், பெண்களைப் பின்தொடர்வது, ஒரு வீட்டுக்குள்ளிருந்து அலறல் கேட்பது, இவை எதுவும் அண்டை வீட்டுச் சச்சரவு ஆகாது. கமிட்டி கூடிப் பேசும்வரை காத்திருக்காமல் 112-க்கு அழையுங்கள். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. இந்த எண்களை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுங்கள். என் சுற்றறிக்கையைவிட நல்ல உபயோகம்.

பொருளாளர் விஷயம் சங்கடமானதுதான். 2பி-3பி தொடர்பான எந்தக் கூட்டத்திலும் அவர் புகார் கொடுத்தவராக உட்காரட்டும், கமிட்டி உறுப்பினராக வேண்டாம். பிளம்பருக்கான காசோலையில்கூட இந்த ஒரு தடவை அவர் கையெழுத்து இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பைலா இடம் கொடுத்தால். இல்லாவிட்டால் ஷார்ஜாக்காரர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும், நியாயமான கேள்வியும்கூட. சோதனைக்கு ஏ பக்கத்து வீடுகளிலிருந்து இரண்டு பேரை நியமியுங்கள்.

வாட்ஸ்அப் பதிவை இன்று இரவே நீக்கிவிடுங்கள். ‘சோதனை முடியாமல் 3பி-யைப் பொறுப்பாக்கி எழுதியது தவறு’ என்று ஒரே வரி போடுங்கள். விளக்கம் எதுவும் வேண்டாம். உரிமையாளர் அவதூறு நோட்டீஸ் அனுப்புவார் என்று பயந்து சொல்லவில்லை, அனுப்பவும் அனுப்பலாம். அந்தப் பதிவு இருக்கும்வரை உங்கள் பிளம்பருக்கு அவர் கதவு திறக்க மாட்டார்.

பிறகு நாள் குறியுங்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால் சோதனையை முடித்துவிட வேண்டும். மழை தொடங்கிவிட்டால் கொரட்டூரில் எந்த சீலிங்தான் ஒழுகாது, எந்தத் தண்ணீர் யாருடையது என்று எப்படிச் சொல்வது?